கால் தரப்பில் புகார் ஏதுமில்லை

மூன்றாவது முறையும் கால் வழுக்கி, பெடல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து முன்காலெலும்பில் அடித்ததும் எழுத்தர் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதியான பிறகுதான் அவருக்கு வலித்தது.

சைக்கிள் ஓட்ட ஆரம்பித்து அன்றைக்கு ஒன்பதாவது நாள். வீட்டிலிருந்து அலுவலகம் ஏழு கிலோமீட்டர். முப்பது வருடமாகப் பஸ்ஸில் போய்வந்த மனிதர் ஐம்பத்து மூன்று வயதில் சைக்கிளுக்கு மாறினார் என்றால் ஆசையினால் அல்ல, பயத்தினால். ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது, உடம்பை அசைக்காவிட்டால் எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். எங்கே போய் முடியும் என்பதை டாக்டர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் எழுத்தர் இல்லை. அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் போதும்.

அண்ணனுக்கும் சர்க்கரைதான். ஆறு வருடத்துக்கு முன்னால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காலில் ஆணி ஏறி, இரண்டு நாள் அதோடேயே நடமாடியிருக்கிறார். புண்ணாகி, சீழ் பிடித்து, மேலே ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் யார் கேட்டாலும் அண்ணன் ஒரே பதிலைத்தான் சொன்னார். ஆணி ஏறியதே தெரியவில்லையாம். எழுத்தர் அதை ஒருநாளும் நம்பவில்லை. காலில் ஆணி ஏறினால் ஒரு மனிதனுக்குத் தெரியாமல் போகுமா? அலட்சியம். சின்ன வயதிலிருந்தே அண்ணனுக்கு எதிலும் அலட்சியம். அண்ணன் சொன்னது ஒரு மனுவாக மேஜைக்கு வந்திருந்தால், ஓரத்தில் ‘நம்பத்தகுந்ததல்ல’ என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டிருப்பார்.

அந்த அதிகாரம் அவருக்கு உண்டு. குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர் அவர். தண்ணீர் வரவில்லை, வந்தால் நிற்கவில்லை, நின்றால் நாறுகிறது என்று ஊரில் யார் எழுதினாலும் அது முதலில் அவர் மேஜைக்குத்தான் வரும். அவர் அதைப் பொறியாளர்களுக்கு அனுப்பிவிட்டு முப்பது நாள் காத்திருப்பார். முப்பது நாளுக்குள் அதே ஆள் மறுபடியும் எழுதவில்லையென்றால் ‘புகார்தாரர் தரப்பில் மேற்கொண்டு புகார் ஏதுமில்லை, கோப்பு முடிக்கப்படுகிறது’ என்று எழுதி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். தண்ணீர் வந்ததா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. வலித்தால் கத்துவான், கத்தவில்லையென்றால் வலிக்கவில்லை. இருபத்தாறு வருடமாக இந்த ஒரே கணக்கில்தான் அந்தப் பிரிவு ஓடிக்கொண்டிருந்தது.

உதாரணத்துக்கு, திங்கட்கிழமைக்காரர். நாலாவது குறுக்குத் தெருவில் யாரோ ஒரு பெரியவர். குழாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வருகிறது என்று பதினாலு வாரம் விடாமல் எழுதினார். கடிதம் தவறாமல் திங்கட்கிழமை வரும். பிரிவில் எல்லோரும் அவருக்கு வைத்த பெயர்தான் அது. திடீரென்று ஒரு திங்கட்கிழமை கடிதம் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. முப்பத்தோராம் நாள் எழுத்தர் கோப்பை முடித்துவிட்டு, ஒருவழியாகச் சரியாகிவிட்டது போல என்று டீ வாங்கிவரச் சொன்னார்.

ஆக, கால் போகக் கூடாது. கால் போகாமலிருக்கச் சைக்கிள் ஓட்ட வேண்டும். சைக்கிள் ஓட்ட வேண்டுமென்றால் முதலில் கால் பெடல்மேல் நிற்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

நிற்கவில்லை. அவர் போட்டிருந்தது அலுவலகத்துக்குப் போடும் தோல் ஷூ. அடிப்பாகம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். பெடலோ வெறும் தட்டைப் பெடல், காலைப் பிடித்துக்கொள்ள அதில் பட்டையும் இல்லை, கொக்கியும் இல்லை. வைத்தால் வைத்த இடத்தில் கால் இருக்க வேண்டும் என்பது ஷூவின் பொறுப்பு. தோல் ஷூ அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. அது போதாதென்று பாதம் எரிந்தது, விரல்களில் ஊசி குத்தியது. பஸ்ஸில் போன காலத்திலேயே லேசாக அப்படி உண்டு. அப்போது பஸ்ஸில் நிற்பதால் என்று நினைத்துக்கொண்டார். இப்போது ஷூதான் என்று முடிவு செய்தார்.

டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். டாக்டரும் அன்றைக்கே காலைக் காட்டச் சொன்னார். ஆனால் அன்று போட்டிருந்த சாக்ஸில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நர்ஸ் வேறு பக்கத்தில் நின்றிருந்தாள். கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி எழுத்தர் எழுந்து வந்துவிட்டார். மானம் பெரிதில்லையா?

ஓடுவதற்குப் போடும் ஷூ வாங்குங்கள் என்றாள் மனைவி. வாங்கினார். அடிப்பாகம் இரண்டு விரல் உயரத்துக்கு மெத்துமெத்தென்று இருந்தது. கடையில் நடந்து பார்த்தபோது சொர்க்கமாக இருந்தது, பெடலில் வைத்தபோதுதான் வேறாக இருந்தது. மிதிக்கிற பலமெல்லாம் மெத்தைக்குள் போயிற்று, பெடலுக்குப் போகவில்லை. அடிப்பாகம் வளைந்து பெடலின் விளிம்பு நடுப்பாதத்தில் அழுந்தியது. அதைப் போட்ட நான்காவது நாள் நீளமான லேஸ் சங்கிலிக்குள் போய்ச் சுற்றிக்கொண்டு, கால் சங்கிலியோடு போக, மிச்ச எழுத்தர் தரைக்குப் போனார். பின்னால் வந்த தண்ணீர் லாரி கிறீச்சென்று நின்றது. அவருடைய அலுவலகத்து லாரிதான். டிரைவர் இறங்கிவந்து, “நம்ம ஆபீஸ் வண்டியில அடிபட்டா புகாரை நீங்களே எழுதி நீங்களே மூடணுமே சார்” என்று அனுதாபமாகச் சொன்னார்.

அடுத்த யோசனை எழுத்தருடையதே. வழுக்குவதுதானே பிரச்சினை? பழைய தோல் ஷூவை எடுத்து, கிழிந்த சைக்கிள் டியூபை வெட்டி, அடியில் பசை போட்டு ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேலை. வழுக்கவே இல்லை. வெயிலில் இளகிய பசை ரப்பரின் ஓரமெல்லாம் பிதுங்கிப் பெடலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சிக்னலில் காலை ஊன்ற நினைத்தார். கால் வரவில்லை. அவர் மிக மெதுவாக, யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையோடு, இடது பக்கம் சாய்ந்தார். அங்கே நின்றிருந்தவர் போக்குவரத்துக் காவலர். ஊதச் சொன்னார்.

“குடிக்கல சார். ஷூ ஒட்டிக்கிச்சு.”

“எல்லாரும் ஏதாவது சொல்வாங்க. ஊதுங்க.”

சைக்கிள் கடைக்காரர் பெடலையே மாற்றிவிட்டார். அகலமான பெடல், அதன் மேல் கால் வழுக்காமலிருக்கச் சின்னச் சின்ன இரும்பு முளைகள். எழுத்தர் சிக்கனமாக ஒரு துணி ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிடிப்பு அருமை. ஆனால் முளை ஒவ்வொன்றும் மெல்லிய அடிப்பாகத்தைத் தாண்டிப் பாதத்தில் தன் இருப்பைத் தெரிவித்தது. தவறிக் கால் விலகினால் முன்காலெலும்புத் தோலைச் சீவிக்கொண்டு போனது. எரிச்சல் இப்போது வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகும் நிற்பதில்லை. பக்கெட்டில் தண்ணீர் வைத்து அதில் காலை விட்டபடியே சாப்பிட ஆரம்பித்தார்.

“விட்டுடுங்களேன். பஸ்ஸுலயே போங்க” என்றாள் மனைவி.

“பஸ்ஸுல போனவர் ஒருத்தர் நாற்காலியில உக்காந்திருக்கார். போய்ப் பாத்துட்டு வா.”

அவளுக்கும் அண்ணனின் அந்த நாற்காலியை நினைத்தால் பயம்தான்.

அண்ணன் வீட்டு வாசலில் ஒரு ஷூ அலமாரி உண்டு. ஷூ கடையில் ஒற்றைக் கால் ஷூ விற்பதில்லையாகையால் ஒவ்வொரு முறையும் ஜோடியாகவே வாங்க வேண்டும். ஊன்றுகோலோடு நடந்து இடது தேய்ந்துவிடும். வலது புத்தம் புதிதாக அப்படியே இருக்கும். ஆறு வருடத்தில் ஏழு வலது கால் ஷூக்கள் சேர்ந்து வரிசையாக நின்றன. அந்த வரிசையைக் கடந்து உள்ளே போகும்போதெல்லாம் எழுத்தர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். அண்ணி தினமும் காலையில் அண்ணனின் மீதிக் காலுக்கு அடியில் கைக்கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்பார். ஷூவுக்குள் கையை விட்டு மூலைமுடுக்கெல்லாம் துழாவிய பிறகே போட விடுவார். என்ன அண்ணி, தேள் பிடிக்கிறீர்களா என்று எழுத்தர் ஒருமுறை கேலி செய்தார். அண்ணி சிரிக்கவில்லை. அந்த வீட்டில் யாருக்கும் நகைச்சுவை உணர்ச்சி கிடையாது என்று எழுத்தர் மனைவியிடம் சொன்னார்.

கடைசியில் ஒரு பெரிய ஷூ கடைக்குப் போனார். அங்கே ஷூ விற்கிற அம்மாள் தானும் சைக்கிளில் வேலைக்கு வருகிறவள். விஷயம் தெரிந்தவள். காலையில் வந்தவரை, சாயங்காலம் வாருங்கள், அப்போதுதான் கால் வீங்கி உண்மையான அளவில் இருக்கும் என்று திருப்பி அனுப்பினாள். சாயங்காலம் போனதும் பாடம் எடுத்தாள். தட்டைப் பெடலுக்கு அடிப்பாகமும் தட்டையாக இருக்க வேண்டும். பலகை மாதிரி விறைப்பாகவும் கூடாது, மெத்தை மாதிரி அமுங்கவும் கூடாது. முளைகள் கடிப்பதற்கு இளகிய ரப்பர் வேண்டும். லேஸைச் செருகிவைக்க மேலே ஒரு பை வேண்டும். முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். முப்பது வருடமாகக் காலில் எதையோ மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்று எழுத்தருக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு ஜோடியை மாட்டிப் பார்த்து, இதுதான், கச்சிதம் என்றார். அந்த அம்மாள் குனிந்து ஷூவின் முனையை அழுத்திப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

“சார், உங்க விரல் எல்லாம் உள்ள மடங்கியிருக்கு. வலிக்கல?”

“இல்லையே. இப்படி இருந்தாத்தான் ஷூ போட்ட மாதிரியே இருக்கு.”

“இது உங்க சைஸே இல்ல சார். ஒண்ணரை சைஸ் சின்னது.”

பெரியதாக ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். இங்கே இடிக்கிறதா என்று அழுத்தினாள், இல்லை என்றார். இங்கே என்றாள், இல்லை என்றார். பக்கத்தில், குதிகாலில், நடுவில், எங்கே கேட்டாலும் இல்லை. இத்தனை வருடத்தில் எங்கேயுமே இடிக்கவில்லை என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்றாள். எழுத்தர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

சாம்பல் நிற ஷூ, ஓரத்தில் ஆரஞ்சுப் பட்டை. அதைப் போட்டுக்கொண்ட நாளிலிருந்து அவர் வேறு மனிதர். பெடலில் வைத்த கால் வைத்த இடத்தில் நின்றது. முதல் மாதம் எரிச்சல் குறைந்தது. மூன்றாம் மாதம் ஊசி குத்துவது நின்றது. ஐந்தாம் மாதம் அவருக்குக் காலில் ஷூ இருக்கிற நினைப்பே இல்லை. பஞ்சின் மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நாலு கிலோ எடை குறைந்தது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டார். பக்கெட்டைக் கவிழ்த்து வைத்தார். மூன்று மாதத்தில் வரச்சொன்ன டாக்டரிடம் போகவில்லை. ஒரு தொந்தரவும் இல்லாதவன் டாக்டரிடம் போய் என்னவென்று சொல்வான்?

அலுவலகத்தில்தான் சின்னச் சிக்கல். ஆரஞ்சுப் பட்டை மேலாளரின் கண்ணை உறுத்தியது. பொதுமக்கள் வந்துபோகிற இடத்தில் இதென்ன விளையாட்டுச் சாமான் என்றார். எழுத்தர் ஷூவைக் கழற்றி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, அலுவலக நேரத்தில் செருப்புப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். ஷூவுக்கு நேர் மேலே, மேஜையின் ஓரத்தில் அடித்திருந்த ஆணியில் கோப்பு அலமாரியின் சாவி தொங்கும். சுண்டுவிரல் நீளத்தில் பல்லுப் பல்லாக ஒரு இரும்புச் சாவி, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியது.

செருப்பும் சரியில்லை. ஒருநாள் மேலாளர் அறைக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்று பேசிவிட்டுத் திரும்பினால், பிரிவே சிரித்துக்கொண்டிருந்தது. அவருடைய ஒரு செருப்பு நடைவழியின் நடுவில் தனியாகக் கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை. உதவியாளர் அதை எடுத்துவந்து காலடியில் வைத்தார். இருபது வருடமாக அந்தப் பிரிவில் டீ வாங்கி, கோப்பு தூக்கி, எல்லோருடைய மறதியையும் பொறுக்கிக் கொடுக்கிற மனிதர் அவர். “கால்ல மாட்டினது கழண்டா கூடத் தெரியலையே சார், அப்படி என்ன யோசனை” என்று கேட்டார். தரம் கெட்ட செருப்பு, வார் தளர்ந்துவிட்டது என்று எழுத்தர் வேறு செருப்பு வாங்கினார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். நாலாவது குறுக்குத் தெருவிலிருந்து வருகிறேன், என் அப்பா எழுதிய கடிதங்களின் நகல் வேண்டும் என்றாள். திங்கட்கிழமைக்காரரின் மகள்.

எழுத்தர் உற்சாகமாக, அந்தப் புகார்தான் தீர்ந்துவிட்டதே, அப்பா அப்புறம் எழுதவே இல்லையே என்றார்.

“அப்பாவுக்குக் கை விழுந்துடுச்சு சார். அதான் எழுதல. போன மாசம் இறந்துட்டார். தண்ணி இன்னும் அப்படியேதான் வருது.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். விலாசம் சொல்கிற மாதிரி சொன்னாள். எழுத்தர் கோப்பை எடுக்கலாம் என்று திரும்பினார். ஆணியில் சாவி இல்லை.

மேஜையைத் தேடினார். மேஜைக்கு அடியில் தேடினார். ஷூவை நகர்த்திவிட்டுத் தேடினார். இழுப்பறைகளைக் கவிழ்த்தார். இல்லை. அந்தப் பெண்ணை மறுநாள் வரச்சொன்னார். மறுநாள் வந்தாள், சாவி வரவில்லை. அவள் நேராக மேலாளரிடம் போய்விட்டாள். மேலாளர் வெளியே வந்து, பதினாலு கடிதம் எழுதியவரின் கோப்பை எதை வைத்து மூடினீர்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மேற்கொண்டு புகார் வரவில்லை என்று எழுத்தர் சொன்னார்.

“கை விழுந்தவன் எப்படிய்யா எழுதுவான்” என்றார் மேலாளர். “நாளைக்குள்ள அந்தக் கோப்பு என் மேஜைக்கு வரணும். இல்ல, நீங்களே ஒளிச்சு வெச்சீங்கன்னு எழுதுவேன்.”

எழுத்தர் அவசரத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். அலமாரிச் சாவியைத் தன்னைத் தவிரத் தொடுகிற ஒரே ஆள் உதவியாளர்தான் என்றார். சொல்லும்போதே அது பொய்யில்லை, ஆனால் நியாயமும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டார். மேலாளருக்கும் அந்தப் பெண்ணுக்குக் காட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது.

வியாழக்கிழமை பூட்டுக்காரன் வந்து அலமாரியை உடைத்தான். கோப்பு வெளியே வந்தது. அதே நாள் உதவியாளருக்கு விசாரணை முடியும்வரை நீரேற்று நிலையத்துக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம். உதவியாளர் பையை எடுத்துக்கொண்டு எழுத்தரின் மேஜை முன்னால் வந்து நின்றார்.

“இருபது வருஷத்துல உங்க மேஜையிலேருந்து ஒரு குண்டூசி எடுத்ததில்ல சார்.”

“பின்ன சாவி எங்க போச்சு? அதுக்கென்ன கால் முளைச்சு நடந்தா போயிடுச்சு?”

உதவியாளர் வழக்கம்போல மேஜைக்கு அடியில் கோணலாகக் கிடந்த ஷூவைக் குனிந்து நேராக வைத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் வீட்டுக்குச் சைக்கிள் மிதித்தபோது எழுத்தருக்கு நெஞ்சுதான் கனத்தது. காலில் ஒரு தொந்தரவும் இல்லை.

வீட்டில் மனைவி ஒரு சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வலது கால் சாக்ஸ். அடியில் துரு மாதிரி வட்டமாக ஒரு கறை, நேற்றைய சாக்ஸிலும் இருந்தது, துவைத்தால் போகவில்லை என்றாள்.

“ஷூ சாயம் போகுது. கடையில சொல்றேன்.”

“ஷூ சாம்பல் கலருங்க. சாயம் எப்படிப் பழுப்பாப் போகும்?”

இருக்கிற பிரச்சினை போதாதா, சாக்ஸ் ஒன்றுதான் பாக்கியா என்று எழுத்தர் எரிந்து விழுந்தார். மறுநாளிலிருந்து கறுப்பு சாக்ஸ் போட்டுக்கொண்டார். கறை தெரியவில்லை. அதோடு அந்த விஷயமும் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனார். பத்து கிலோமீட்டர், சைக்கிளிலேயே. அந்த வாரம் அவருக்கு நன்றாக நடந்தது என்று சொல்ல இருந்தது இந்தக் கால் ஒன்றுதான். அதையாவது யாரிடமாவது காட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வாசலில் ஏழு வலது கால் ஷூக்களுக்குப் பக்கத்தில் தன் ஜோடியைக் கழற்றி வைத்தார். முதன்முறையாக அந்த வரிசையை நின்று நேராகப் பார்த்தார். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தார்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுத்தர் எதிரே உட்கார்ந்து, கறுப்பு சாக்ஸ் போட்ட காலை நீட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பெடல், பசை, காவலர், கடை அம்மாள் எடுத்த பாடம். அண்ணன் காவலர் கட்டத்தில் சிரித்தார். சாவி கதையையும் சொன்னார். உதவியாளர் விஷயம் வந்தபோது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அண்ணன் வேறொன்று கேட்டார்.

“கால் எரிச்சல்னு சொன்னியே, அது எப்பப் போச்சு?”

“ஷூ மாத்தினதும் கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சுண்ணே. இப்ப சுத்தமா இல்ல.”

“ஊசி குத்துறது?”

“அதுவும் இல்ல. கால் இருக்கிறதே தெரியல. அப்படி ஒரு ஷூ.”

அண்ணன் சாக்ஸைக் கழற்றச் சொன்னார். எழுத்தருக்கு எரிச்சலாக வந்தது. எதற்கெடுத்தாலும் பயமுறுத்துகிறார். தான் படுகிற பாட்டில் பாதியை இவர் பட்டிருந்தால் இந்த நாற்காலிக்கு வேலையே இருந்திருக்காது. ஆறு வருடமாக உள்ளே அடக்கிவைத்திருந்தது அன்றைக்கு வெளியே வந்துவிட்டது.

“என் காலை நான் பாத்துக்கிறேன்ணே. நீங்க அன்னிக்குக் கொஞ்சம் கவனமா இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?”

அண்ணன் முகத்தில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

“தெரியலடா. நான் எத்தனை தடவைதான் சொல்றது. ஆணி ஏறினது எனக்கு நிஜமாவே தெரியல.”

“சும்மா சொல்லாதீங்கண்ணே. இரும்பு. கால்ல கிடந்து குத்தினா, அதோட ரெண்டு நாள் ஒரு மனுஷன் எப்படி நடப்பான்?”

அண்ணன் தம்பியின் தலைக்கு மேலாக வாசல் பக்கம் பார்த்தார். எழுத்தரும் திரும்பினார்.

கடைக்குப் போயிருந்த அண்ணி வாசலில் பையை இறக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். வழியில் கிடந்த ஷூக்களை ஓரமாக வைக்க எடுத்திருக்கிறார், ஆறு வருடப் பழக்கத்தில் கை தானாக உள்ளே போயிருக்கிறது. இடது கையில் ஆரஞ்சுப் பட்டை போட்ட வலது கால் ஷூ. வலது கையில் இருந்த எதையோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு சின்ன நூல் தொங்கியது. அது சிவப்பாக இருந்த காலம் போய்க் கறுத்து, காய்ந்து, விறைத்திருந்தது.

“தம்பி, ஷூவுக்குள்ள ஒரு சாவி கிடக்குது, ரத்தமா இருக்கு. குத்தவே இல்லையா?”